டீ அண்ணா நம்பர் யாரிடம் இருக்கு?

2020 ஏப்ரல் கடைசி. மத்தியானம் மூன்று மணி. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். சீலிங் ஃபேன் அனலை வாரித் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் யாரோ ஸ்லைடு ஸ்லைடாக நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு, போனில் கூகுள் பே பழைய கணக்கைத் தள்ளிக்கொண்டிருந்தேன். 12 ரூபாய். 12 ரூபாய். 24 ரூபாய். 36, அன்றைக்கு என் செலவு போல. மறுபடி 12. மார்ச் 17-ஆம் தேதியோடு அந்த வரிசை நின்றுபோயிருந்தது.

'டீ அண்ணா' என்று நான் சேமித்து வைத்திருந்த நம்பர் அது. சோழிங்கநல்லூரில் எங்கள் ஆபீஸ் கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் ஒரு வேப்பமரம், அதன் அடியில் தகரக் கூரை, அங்கே அவர். நாலு வருஷமாக, வேலை நாள் என்றால் இரண்டு தடவை அவர் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். தூரத்தில் என் தலை தெரிந்ததுமே "ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி" என்று அவரே சொல்லிக்கொண்டு கிளாஸை எடுப்பார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரும் அவருக்குத் தெரியாது. எல்லாம் மூடி ஐந்து வாரம் ஆன பிறகுதான், இந்த மனுஷன் இப்போது எங்கே இருப்பார், எதை வைத்துச் சாப்பிடுவார் என்ற கேள்வியே எனக்கு வந்தது.

கொரோனாக் கோடையையும் வீட்டிலிருந்து செய்த வேலையையும் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நண்பர்களைப் பிரிந்ததையும் உறவுகளைப் பார்க்க முடியாமல் போனதையும் சொல்கிறார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. நண்பர்களும் உறவுகளும் அந்த இரண்டு மாதத்தில் முன்பைவிட அதிகமாகத்தான் கிடைத்தார்கள். பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப் உயிர்த்தெழுந்தது. சித்தி பெண் தினமும் வீடியோவில் வந்தாள். காணாமல் போனவர்கள் வேறு ஆட்கள். டீக்கடைக்காரர், ஆபீஸ் கேன்டீனில் "இன்னிக்கு சாம்பார் வேண்டாம், ரசம் ஊத்திக்கோ" என்று எச்சரிக்கும் அக்கா, கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிற யாரோ, லிஃப்டில் தலையாட்டுகிற வேறு டீம்காரர். காசு கொடுக்க வேண்டியிருந்தால் தவிர, நம்பர் வாங்கி வைக்கும் அளவுக்கு நெருக்கம் இல்லாதவர்கள். கூப்பிட்டுப் பேச ஒரு காரணமும் இல்லாதவர்கள்.

பெட்டி தூக்கிய வாரம்

அந்த மார்ச்சைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டினோம். 24-ஆம் தேதி மாலை ஆறு மணியிலிருந்து தமிழகத்தில் 144. அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தார். நள்ளிரவிலிருந்து 21 நாள் என்றார். அந்த 21 நாள் மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அதற்கு முந்தைய வாரம் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரில் நடந்தது ஒரு இடப்பெயர்ச்சி. லேப்டாப் இருந்தவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இல்லாதவர்களுக்கு மேசைக் கம்ப்யூட்டரையே கழற்றிக் கொடுத்தார்கள். சிபியு-வை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போன ஒரு பையனைத் துரைப்பாக்கம் சிக்னலில் பார்த்தேன். மானிட்டரை சேலைத் துணியால் சுற்றியிருந்தான்.

இவ்வளவு சுலபமாக அனுப்ப முடிந்ததற்குப் பின்னால் ஒரு காகிதச் சங்கதியும் உண்டு. நம் நாட்டில் கால் சென்டர் மாதிரியான நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யவைக்க வேண்டுமானால், தொலைத்தொடர்புத் துறையிடம் ஒரு கோடி ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்டவேண்டும் என்று விதி இருந்தது. 2020 மார்ச் நடுவில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். அந்த நவம்பரில் விதிகளையே பெருமளவு மாற்றி எழுதிவிட்டார்கள். பல வருஷம் கோரிக்கை வைத்தும் நடக்காததை ஒரு கிருமி நடத்திக்காட்டியது.

அப்போது நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் பயன்பாட்டுக் கையேடு எழுதும் வேலையில் இருந்தேன். வீட்டில் ஏசி ஒரே அறையில். அந்த அறைக்கு உரிமை கோரியவர்கள் மூன்று பேர்: நான், கணவர், ஆன்லைன் வகுப்புக்கார மகன். கணவருக்கு அமெரிக்க வாடிக்கையாளர், ராத்திரி ஷிஃப்ட். பகலில் தூங்க அந்த அறை. மகனுக்குக் காலை. எனக்கு எஞ்சியது சமையலறை மேடை. மே 4-ஆம் தேதி அக்னி நட்சத்திரம் பிறந்தபோது நான் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மைக்கைத் திறந்தால் குக்கர் பேசும். ஹைதராபாத்தில் இருந்த என் மேனேஜர் ஒருநாள், கூட்டத்தின் நடுவே, ரொம்ப மரியாதையாக, "மூணு விசில் வந்துருச்சு, அணைச்சிடுங்க" என்றார். நாலு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வேலை சாராத வாக்கியம் அதுதான்.

இருமலுக்குப் பின் அம்மா

இன்னொன்றும் அந்தக் கோடைக்கே உரியது. யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஒருவர் இருமுவார். அரசாங்கம் எல்லா போனிலும் வைத்த எச்சரிக்கை ஒலி. 'லொக் லொக்' என்று இருமி, கை கழுவச் சொல்லி, அதற்கப்புறம்தான் திருச்சியில் இருக்கும் என் அம்மாவின் குரல் வரும். இன்றைக்கும் அந்த இருமலை எங்கேயாவது கேட்டால் எனக்கு அம்மா ஞாபகம் வருகிறது.

அந்த ஒலி சொன்னது, சுவரொட்டி சொன்னது, டிவி சொன்னது எல்லாம் ஒரே சொல்: சமூக இடைவெளி. இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் நின்று யோசித்து எடுத்திருக்கலாம். ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்து வைத்து, டீக்கடையில் தனிக் கிளாஸ் மாட்டிய நாட்டில், சமூகங்களுக்கு நடுவே இடைவெளி விடு என்பது புது அறிவுரையா? அப்போதே பலர் இதை எழுதினார்கள். 'தனிநபர் இடைவெளி' என்று சொல்லிப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 20-ஆம் தேதி செய்தியாளர் சந்திப்பில், உடல் அளவில்தான் விலகி இருக்கச் சொல்கிறோம், உறவளவில் சேர்ந்தே இருங்கள் என்று சொல்லைத் திருத்திக்கொண்டது. நம் சுவரொட்டிகள் திருந்தவில்லை. சொல் அப்படியே தங்கிவிட்டது.

ஹாட் டாக் வண்டியும் வேப்பமரமும்

டீ அண்ணாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய பிறகு, இந்த 'பாதி தெரிந்த ஆட்கள்' பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். நிறைய இருக்கிறது.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்துப் புறநகர் ஒன்றில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த ஆட்களைப் பிடித்து, துப்புக் கொடுத்தவரை அப்போது எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர் என்றது 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6. மற்றவர்கள் அபூர்வமாகப் பார்ப்பவர்களாம். நெருங்கிய சிநேகிதருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதுச் சேதி வருவது தள்ளி நிற்பவரிடமிருந்து. நம் ஊரில் கல்யாணத்துக்கு வரன் வருவதும் இப்படித்தான். இதற்கு ஆராய்ச்சி தேவையா என்று என் மாமியார் கேட்டார்.

ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற உளவியலாளரின் கதை எனக்கு இன்னும் பிடித்திருந்தது. டொரண்டோவில் படித்த காலத்தில் அவர் போகும் வழியில் ஒரு பெண்மணி ஹாட் டாக் வண்டி வைத்திருந்தாராம். வாங்குவது கிடையாது, ஒரு சிரிப்பு, ஒரு கையசைப்பு, அவ்வளவே. அந்த வண்டி இல்லாத நாளில் ஏதோ குறைகிறதே என்று தோன்றியிருக்கிறது. பிற்பாடு எலிசபெத் டன் என்பவரோடு சேர்ந்து, ஆட்களின் பாக்கெட்டில் எண்ணும் கருவியைக் கொடுத்து, நெருங்கியவரோடு பேசினால் ஒன்று, அறிமுகக்காரரோடு பேசினால் இன்னொன்று என்று அமுக்கச் சொன்னார். 2014-இல் வெளியான முடிவு: அறிமுகக்காரர்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேசிய நாட்களில் மனுஷர்கள் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள்.

இந்தப் பாதி உறவுகள் கொரோனாவில் என்ன ஆயின என்பதற்குக் கணக்கே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேர் 2020-இன் முதல் ஆறு மாதங்களில் யாரோடு தொடர்புகொண்டார்கள் என்று, பேச்சின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, தங்கள் குழுவுக்கு வெளியே இருப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் நேரத்தின் பங்கு சுமார் கால்வாசி குறைந்திருந்தது. உள்வட்டம் இறுகியது, வெளிவட்டம் உதிர்ந்தது. என் மேனேஜருக்கு என் குக்கர் தெரிந்துவிட்டது. எனக்கோ லிஃப்ட்காரரின் முகம் மறந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கட்டாயம் சிரிக்கவும்

கம்பெனிகளுக்கும் இது உறைத்தது. மருந்தும் கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸில் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஆன்லைன் அந்தாக்ஷரி. வரச்சொல்லி காலண்டரில் அழைப்பு வரும். 'விருப்பமிருந்தால்' என்று எழுதியிருக்கும். வராதவர் பட்டியலை ஹெச்.ஆர். பார்ப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். இருபது கட்டங்களில் இருபது முகங்கள். ஒருவர் பாடுவார். பாட்டு ஒரு நொடி தாமதமாக வரும். கைதட்டல் இன்னொரு நொடி கழித்து, ஆளுக்கொரு நேரத்தில், கல் உருண்டு விழுவதுபோல் கேட்கும். அதற்கப்புறம் "ஹலோ, ஆடிபிளா?"

அந்தக் கட்டங்களுக்குள் உலகமே புகுந்திருந்த நேரம் அது. ஜூம் செயலியில் 2019 டிசம்பரில் ஒரு நாளுக்கு அதிகபட்சமாக ஒரு கோடி பேர் மீட்டிங்குகளில் கலந்துகொண்டார்கள். 2020 மார்ச்சில் அது 20 கோடியைத் தாண்டியது. பேசி முடித்து எழுந்தால் கல் உடைத்ததுபோல் அசதி. ஏன் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார். இத்தனை முகங்கள் இவ்வளவு பக்கத்தில் வந்து கண் இமைக்காமல் நம்மைப் பார்ப்பது இயற்கை இல்லை. நாள் முழுக்கத் தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு யாரும் பேசுவதில்லை. தலையாட்டலைக்கூட மிகைப்படுத்திக் காட்டவேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

டீக்கடையில் யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை. எல்லோரும் ரோட்டைப் பார்த்து நிற்போம். பஸ் போகும், தண்ணி லாரி போகும், நடுவில் ஒரு வார்த்தை விழும். பேச்சு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் கையில் கிளாஸ் இருக்கிறது. வீடியோ அழைப்பில் இந்த வசதி இல்லை. அங்கே பேசாமல் இருந்தால் 'நெட் போயிருச்சா?' என்பார்கள்.

வத்தல் போட்ட மாடி

அந்தக் கோடையில் எனக்கு உண்மையான ஆள் சகவாசம் கிடைத்தது மொட்டை மாடியில். அதற்குக் காரணம் என் மாமியார். வருஷா வருஷம் சித்திரையில் வத்தல் போடுகிறவர். கடையில் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று நான் வருஷா வருஷம் சொல்வேன். அந்த வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஊரில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று யாருக்குத் தெரியும்?

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். முதல் நாள் ராத்திரி ஊறவைத்த ஜவ்வரிசியைக் கண்ணாடிபோல ஆகும்வரை கிண்டி, பச்சை மிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம், இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. வெயில் ஏறும் முன் மாடிக்குத் தூக்கிப் போகவேண்டும். கணவரின் பழைய எட்டுமுழ வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, கரண்டி கரண்டியாக வட்டம் வட்டமாக ஊற்றுவோம். என் வட்டங்கள் இலங்கை வரைபடம்போல வரும். "பரவாயில்லம்மா, பொரிச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்பார் அத்தை. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். மறுநாள் தட்டில் பரப்பி இன்னொரு காய்ச்சல்.

நடுவே காவல் வேலை. ஒன்பதரை மணி மீட்டிங்குக்கு நான் லேப்டாப்பும் ஹெட்போனுமாகத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொள்வேன். ஒரு கையில் மவுஸ், இன்னொரு கையில் காக்கா விரட்டும் குச்சி. நான் உற்சாகமாகக் கையை ஆட்டுவதைப் பார்த்து, யோசனை சொல்ல விரும்புகிறேன் என்று நினைத்து, இரண்டு தடவை என்னைப் பேசச் சொன்னார்கள்.

எதிர் மாடிக்காரர்களை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியாது. ஐந்தடிச் சந்து இடையில், அவ்வளவுதான் தூரம். மூன்றாவது நாள் அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு குரல்: "என்னம்மா, வத்தல் போடுதியளா? காக்கா விடாதே. ஒரு கருப்புத் துணியக் கம்புல கட்டி வையுங்க." நெல்லைக்கார அக்கா. அவரும் வத்தல் போட வந்தவர்தான். அவருடையது அரிசிக் கூழ், நாழியில் பிழிவது. அத்தைக்குக் கை துறுதுறுத்துவிட்டது. "உங்கள்ல எள்ளு போடுவீங்களா, சீரகமா?" என்று ஆரம்பித்தார்கள். பிறகு அந்தப் பேச்சு ஜூன் வரை முடியவில்லை. மே 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடியது, திருமழிசைக்கு மாற்றியது, தள்ளுவண்டியில் தக்காளி என்ன விலை, எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது — எல்லாம் எனக்கு வந்த பாதை அந்தச் சந்துதான். ஆபீஸ் குழுக்களைவிட நம்பகமான செய்திகள்.

அத்தை ஒட்டடைக் கம்பின் நுனியில் ஒரு துணிப்பையை மாட்டினார். சந்துக்குக் குறுக்கே கம்பு நீளும். இங்கிருந்து ஜவ்வரிசி வடாம் போகும், அங்கிருந்து மாவடு வரும். பக்கத்து மாடிகளில் நடைப்பயிற்சி செய்தவர்களும் ஒவ்வொருவராக நின்று பார்க்கத் தொடங்கினார்கள். கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், மகன் கலிஃபோர்னியாவில், சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலியோடு மேலே வந்துவிடுவார். மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்து, எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சத்தமாகப் பேப்பர் படிப்பார்.

ஜூனில் நெல்லை அக்காவின் கணவருக்குப் பாசிட்டிவ். வாசலில் தகரம் அடித்தார்கள். 19-ஆம் தேதியிலிருந்து சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு வேறு. அந்தத் தெருவில் அந்த வீட்டைப் பார்த்து நடப்பவர்களே குறைந்துபோனார்கள். மாடியில் கம்பு நின்றதில்லை. கபசுரக் குடிநீர் பாட்டில், இட்லி மாவு, மாத்திரை, ஒருநாள் அவர் பேத்திக்கு கலர் பென்சில். அந்தப் பக்கத்திலிருந்து பை காலியாகத் திரும்பும், அக்கா கைகூப்புவார். "கையக் கழுவிட்டு எடுங்கம்மா" என்று எங்களையே எச்சரிப்பார். பதினேழாம் நாள் தகரத்தைப் பிரித்தார்கள். பை மறுபடி கனத்துடன் வந்தது, கூழ் வத்தல்.

பேசாத வீடியோ கால்

இவ்வளவும் குடும்பமும் மாடியும் வாய்த்தவர்களின் கதை. மாடிச் சாவியை வீட்டுக்காரர் வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. ஆபீஸில் எனக்கு ஜூனியர் ஒரு பையன், சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம், பெருங்குடியில் அறை எடுத்திருந்தான். கூட இருந்த மூன்று பேரும் மார்ச் 23-ஆம் தேதியே ஊருக்குப் போய்விட்டார்கள். இவன் ஒரு நாள் வேலை பாக்கி என்று தங்கினான். பிறகு இ-பாஸ் கிடைக்காமல் ஐம்பது நாளுக்கு மேல் மாட்டிக்கொண்டான். மெஸ் மூடிவிட்டது. வீட்டுக்காரர் மாடிக்குப் போகவேண்டாம் என்றிருந்தார். காலை மீட்டிங்கில் "குட் மார்னிங்" என்றும் சாயங்காலம் "பை" என்றும் சொல்வதைத் தவிர, தொண்டை வேறு எதற்கும் பயன்படாத நாட்கள் இருந்தன என்றான்.

வீட்டிலிருந்து வேலை செய்வது எப்படி இருக்கும் என்று சீனாவின் ஒரு பெரிய பயண நிறுவனம் 2010-11-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஷாங்காய் கால் சென்டரில் விரும்பிக் கேட்டவர்களில் பாதிப் பேரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் கூட இருந்தவர்களும் அளந்தார்கள். வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் முடிவில், தொடர விருப்பமா என்று கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆபீஸுக்கே வருகிறோம் என்றுவிட்டார்கள். தனிமை முக்கியக் காரணம். அவர்களுக்குக் கொள்ளைநோய் இல்லை, ஊரடங்கு இல்லை, சாயங்காலம் வெளியே போய் நூடுல்ஸ் சாப்பிட முடிந்தது. அப்படியும்.

ராஜபாளையத்துப் பையன் கண்டுபிடித்த வைத்தியத்தை எந்த ஹெச்.ஆரும் யோசித்திருக்க முடியாது. ஊருக்குப் போன அறைத் தோழனும் இவனும் காலை பத்து மணிக்கு வீடியோவைப் போட்டு, போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். பேச்சு கிடையாது. கீபோர்டு சத்தம், அங்கே ஊர்ச் சேவல் கூவல், இங்கே பெருங்குடி ஃபேன். மத்தியானம் ஒருவன் "சாப்பிட்டியாடா?" என்பான். சாயங்காலம் அணைத்துவிடுவார்கள். "அவன் அம்மா பின்னாடி நடந்து போறது தெரியும்க்கா. அதுக்காகவே வச்சிருந்தேன்" என்றான்.

பெரியவர்களும் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். நாம்தான் அதைக் கேலி செய்துகொண்டிருந்தோம். விடிகாலை ஐந்தரைக்கு ரோஜாப்பூவோடு 'குட் மார்னிங்' அனுப்பும் மாமாக்கள். எங்கள் குடும்பக் குழுவில் அந்தக் கோடையில் அது வருகைப் பதிவேடு ஆகிவிட்டது. கும்பகோணத்துப் பெரியப்பாவின் பூ ஒருநாள் ஏழு மணிவரை வரவில்லை. ஏழு ஐந்துக்கு அவருக்கு நாலு போன். சார்ஜர் வயர் அறுந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

மே 4-ஆம் தேதி மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பக்தர்கள் இல்லாமல் நடத்தி, இணையத்தில் நேரலை விட்டார்கள். அழகர் அந்த வருஷம் வைகைக்கே வரவில்லை. அம்மா திருச்சியிலும் நாங்கள் இங்கேயும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அம்மா வீட்டு நெட் அரை நிமிஷம் முந்தி. திருமாங்கல்யம் கட்டியாயிற்று என்று போனில் அம்மா சொல்லிவிட்டார். எங்கள் திரையில் அப்போதுதான் தட்டை எடுக்கிறார்கள். அத்தை காத்திருந்து, எங்கள் திரையில் கட்டிய பிறகுதான் தன் தாலிக்கயிற்றை மாற்றினார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தனிமை எல்லோருக்கும் நோயாக இருக்கவில்லை. சிலருக்கு அது கிடைக்காததுதான் நோய். மூன்று வேளை சமையல், மகனின் வகுப்பு, ஒன்பது மணிநேர வேலை, சுற்றிலும் எப்போதும் ஆட்கள். ராத்திரி பத்தரைக்கு நான் மாடிக்குப் போய் அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். பல மாடிகளில் அந்த நேரத்தில் பெண்கள் தனியாக நின்றுகொண்டிருந்தார்கள். பகலில் கையாட்டிக்கொள்பவர்கள் ராத்திரி ஆட்டிக்கொள்ளவில்லை.

2021 கோடை வேறு மாதிரி வந்தது. மே 10-ஆம் தேதி மறுபடி ஊரடங்கு. 24-லிருந்து தளர்வே இல்லாத ஊரடங்கு. முந்தின வருஷம் அந்தாக்ஷரிக்குத் திறந்த ஆபீஸ் குரூப்பில் அப்போது ஓடியது ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை என்பது மட்டும்தான். என் சித்தப்பாவுக்கு ஒரு படுக்கை தேவைப்பட்டது. சேதி கொடுத்தவர் என் டீமில் இல்லை, என் மாடியிலும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் தூங்கிக்கொண்டு வருவாரே, அவர். சித்தப்பா பிழைத்தார். அந்தக் குழுவில் அப்படிப் பிழைக்காதவர்கள் நாலு பேர்.

12 ரூபாய்

அந்த ஏப்ரல் மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். கூகுள் பே-யில் 'டீ அண்ணா'வைத் தொட்டு, 12 ரூபாய் அடித்து அனுப்பினேன். மீட்டிங் முடியும் முன் போன் வந்தது. முதலில் இருமல் இல்லை. கூப்பிட்டது அவர் அல்லவா.

"யாரோ தெரியாம 12 ரூவா அனுப்பிட்டாங்க, திருப்பி அனுப்பலாம்னு கூப்பிட்டேங்க."

நான் யாரென்று சொன்னேன். பெயரைச் சொன்னால் தெரியாதே. "ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி" என்றேன்.

"மேடமா!" என்று கத்தினார். கடை மூடின மூன்றாம் நாளே மச்சானின் லோடு வண்டியில் மானாமதுரைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். பாய்லரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாராம். "டீயே குடிக்காம காசு அனுப்புறீங்களே மேடம்" என்று சிரித்தார். ஆபீஸ் குரூப்பில் நம்பரைப் போட்டேன். அந்த வாரம் முழுக்க அவருக்கு 12 ரூபாயாகவும் 24 ரூபாயாகவும் போய்க்கொண்டிருந்தது. மே மாதம் அவரே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஊரில் பஸ் ஸ்டாப் பக்கம் சின்னதாகக் கடை போட்டாயிற்று, இனி வந்து குடித்தால்தான் காசு என்றார்.

2022-இல் ஆபீஸ் திறந்து நாங்கள் திரும்பியபோது வேப்பமரம் இருந்தது. தகரக் கூரை இருந்த இடத்தில் கார்கள் நின்றன. நானும் கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

போன வருஷம் அத்தையை ராமேஸ்வரம் கூட்டிப்போனோம். மானாமதுரை தாண்டும்போது போனைப் போட்டு, வழி கேட்டு, காரை நிறுத்தினோம். பாய்லர் அதே பாய்லர். ஆள் கொஞ்சம் நரைத்திருந்தார். என் பெயர் இன்னமும் அவருக்குத் தெரியவில்லை; நானும் சொல்லவில்லை. கிளாஸை எடுத்து ஸ்ட்ராங்காக, சர்க்கரை கம்மியாக ஆற்றி என் கையில் கொடுத்தார். பிறகு இன்னொரு கிளாஸை எடுத்துக் கழுவிக்கொண்டே அத்தையைப் பார்த்து, "அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார்.